பூங்காவுக்குப் போய் என்னத்தப் பாக்கணும்? லேண்ட்ஸ்கேப் டிசைன் படிக்கறவங்களுக்கான விளக்கம்

லேண்ட்ஸ்கேப் டிசைன், அதாவது பூங்கா மாதிரி திறந்தவெளிகள வடிவமைக்கற துறை, படிக்கிறவங்களுக்கு ஆரம்பத்துலயே ஒரு வேலை கொடுப்பாங்க, "ஒரு பார்க்குக்குப் போய் ஸ்டடி பண்ணிட்டு வாங்க"ன்னு. அதுக்கு மேல பெருசா விளக்கம் இருக்காது. போறவங்க போன் மெமரி நிறையற வரைக்கும் போட்டோ எடுத்துட்டு வருவாங்க, அப்புறம் ரிப்போர்ட் எழுத உக்காந்தா "பசுமையா இருக்கு, அமைதியா இருக்கு, நடைபாதை அகலமா இருக்கு"ன்னு நாலு வரியோட நின்னுடும். இந்த குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் வர்றதில்ல. ஒரு பூங்காவ இடிச்சு புதுசா கட்டப் போறாங்கன்னு நியூஸ் வந்து கூடவே ஒரு கலர் படமும் வந்தா, அது நல்ல டிசைனா மோசமான டிசைனான்னு எத வச்சு சொல்றதுன்னு நிறைய பேருக்குத் தெரியல.

ரெண்டு குழப்பத்துக்கும் காரணம் ஒண்ணுதான், பூங்காவ நாம ஒரு காட்சியா பாக்கறோம். ஆனா அங்க இருக்கற ஒவ்வொரு சரிவும் பெஞ்சும் மரமும் யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு. அந்த முடிவு எடுத்த நாள்லேர்ந்து மழையும் வெயிலும் அங்க வர்ற ஆளுங்களும் அதுக்கு பதில் சொல்லிட்டே இருக்காங்க. முடிவு என்ன, வந்த பதில் என்ன, இந்த ரெண்டையும் சேர்த்துப் படிக்கறதுக்காகத்தான் நேர்ல போறோம்.

இந்தப் பழக்கத்துக்கு பெரிய வரலாறு இருக்கு. நியூயார்க்ல இருக்கற சென்ட்ரல் பார்க்க டிசைன் பண்ணவங்க ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வோக்ஸ்னு ரெண்டு பேர், 1858ல நடந்த போட்டியில அவங்க பிளான்தான் ஜெயிச்சுது. இதுல ஓம்ஸ்டெட் இந்தத் துறையைக் காலேஜ்ல படிச்சவர் கிடையாது, விவசாயம் பண்ணிட்டு பத்திரிகைகளுக்கு எழுதிட்டு இருந்தவர். 1850ல இங்கிலாந்துல சுத்திட்டு இருந்தப்ப பிர்கன்ஹெட் பார்க்க பாத்தார், ஜோசப் பாக்ஸ்டன் டிசைன்ல 1847ல பொதுமக்களுக்குத் திறந்த பூங்கா அது. வளைஞ்சு போற பாதை எப்படி வேலை செய்யுது, தண்ணி எங்க வடியுது, எந்தெந்த வர்க்கத்து ஆளுங்க உள்ள வர்றாங்கன்னு எல்லாத்தையும் கவனிச்சு எழுதி வச்சார். அந்தக் கவனிப்போட தாக்கம் பின்னாடி சென்ட்ரல் பார்க்ல தெரியுது.

அடிப்படை: இதுல என்னெல்லாம் அடங்குது

லேண்ட்ஸ்கேப் டிசைன்னா செடி வைக்கறதுன்னு ஒரு நினைப்பு பரவலா இருக்கு. செடி அதுல ஒரு பகுதிதான், அதுவும் தரை, தண்ணி, பாதை எல்லாம் முடிவானதுக்கு அப்புறம்தான் வரும். ஒரு இடத்த டிசைன் பண்ணும்போது பொதுவா இந்த வரிசையில யோசிப்பாங்க:

1. கிரேடிங். தரைய எங்க ஏத்தணும், எங்க இறக்கணும், எந்தப் பக்கம் சரிக்கணும்னு முடிவு பண்றது. பாக்கி எல்லாமே இது மேலதான் உக்காரும்.

2. டிரெய்னேஜ். பெய்யற மழைய எங்க அனுப்பறது, குழாய்ல வெளிய தள்ளறதா, மண்ணுக்குள்ள இறக்கறதா, கொஞ்ச நேரம் தேக்கி வச்சு மெதுவா விடறதா.

3. போக்குவரத்து அமைப்பு. நடக்கறவங்க, சைக்கிள், வீல்சேர், பராமரிப்பு வண்டி எல்லாம் எந்த வழியா உள்ள வந்து எந்த வழியா வெளிய போகும்ங்கறது.

4. ஹார்ட்ஸ்கேப்பும் சாஃப்ட்ஸ்கேப்பும். கல், கான்கிரீட், சுவர், படி மாதிரி கெட்டியான பாகம் எல்லாம் முதலாவது. மண், புல், செடி, மரம் ரெண்டாவது.

5. மைக்ரோகிளைமேட். ஊர் முழுக்க ஒரே வெயில்னாலும், மரத்தடியில ஒரு சூடு, கண்ணாடிக் கட்டடத்துக்கு எதிர்ல ஒரு சூடு, ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு காத்துன்னு சின்னச் சின்ன இடத்துக்கு தனித்தனி தட்பவெப்பம் இருக்கும், அதத்தான் சொல்றாங்க.

6. பராமரிப்பு. யார் வெட்டுவாங்க, யார் கூட்டுவாங்க, மோட்டார் நின்னா என்ன ஆகும். டிராயிங்ல இது கண்ணுக்கே தெரியாது, ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு நிக்கிற பூங்காவ தீர்மானிக்கறதுல இதுக்குத்தான் பெரிய பங்கு இருக்கும்னு என் கருத்து.

டிராயிங்க பாத்தா போதாதா?

போதாது, ஏன்னு சொல்றேன். பிளான்ங்கறது வானத்துலேர்ந்து நேர் கீழ பாக்கற படம், ஆனா மனுஷன் தரையிலேர்ந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல கண்ண வச்சுக்கிட்டு நடக்கறான். பாரிஸ்ல இருக்கற பார்க் டி லா வில்லெட் நல்ல உதாரணம், பழைய கசாப்புக்கூடம் இருந்த இடத்துல பெர்னார்ட் சுமி டிசைன் பண்ணது, 120 மீட்டருக்கு ஒண்ணா கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு சிவப்புக் கட்டுமானம். பிளான்ல பாத்தா அந்தக் கட்டம்தான் முதல்ல கண்ணுல படும். தரையில நடக்கும்போது ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு தெரியுதா, அந்த சிவப்பு நமக்கு வழிகாட்டுதா, இல்ல நடுவுல மரம் மறைச்சுடுதான்னு பிளான் சொல்லாது, நடந்து பாத்தாதான் தெரியும்.

பிரேசில்ல ரியோ நகரத்துல கோபகபானா கடற்கரையோரமா லேண்ட்ஸ்கேப் டிசைனர் பர்லே மார்க்ஸ் 1970 வாக்குல போட்ட கல்தளமும் அப்படித்தான். உயரமான கட்டடங்கள்லேர்ந்து பாக்கறவங்களுக்கு பெரிய ஓவியம் மாதிரி தெரியும், மேல நடக்கறவங்களுக்கு காலடியில கருப்பும் வெள்ளையும் சிவப்பும் மாறிட்டே வரும். ரெண்டு பார்வையையும் யோசிச்ச டிசைன் அது. நிறைய டிசைன் மேல்பார்வைய மட்டும் யோசிச்சு நின்னுடுது, தரையில நிக்கும்போது ஒரே வெட்டவெளியா இருக்கும்.

இன்னொரு விஷயம் காலம். டிராயிங்ல இருக்கற மரம் எப்பவும் முழுசா வளர்ந்த மரம். நட்டு நாலஞ்சு வருஷம் ஆன மரத்துக்கு நிழல் எவ்வளவு இருக்கும்னு போய்ப் பாத்தவங்களுக்குத்தான், முதல் பத்து வருஷத்துக்கு நிழலுக்கு வேற ஏற்பாடு வேணும்னு தோணும்.

போறதுக்கு முன்னாடி

ரெண்டு வேலை. ஒண்ணு, சாட்டிலைட் படத்த எடுத்து அளவு குறிச்சு, சுத்தி என்ன இருக்குன்னு பாத்துக்கணும்: பஸ் ஸ்டாப், ஸ்கூல், ஆஸ்பத்திரி, பெரிய ரோடு. பூங்காவோட பாதி குணம் அதோட வேலிக்கு வெளிய இருக்கற விஷயங்களாலதான் வருது.

ரெண்டு, அந்த இடத்தோட பழைய கதைய தேடணும். சென்ட்ரல் பார்க்கோட 843 ஏக்கரையும் இயற்கைன்னு நினைச்சுட்டு நடக்கறவங்க இன்னைக்கும் நிறைய, ஆனா அதுல இருக்கற ஏரி குளமெல்லாம் மனுஷன் உண்டாக்கினது. அதவிட முக்கியமா, அந்த நிலத்துல வாழ்ந்த 1,600 பேருக்கு மேல வெளியேத்தினாங்க, கருப்பின மக்கள் சொந்தமா நிலம் வாங்கி வீடும் சர்ச்சும் ஸ்கூலும் கட்டி வாழ்ந்த செனெகா வில்லேஜும் அதுல அடங்கும், 1857ல அது காலியாச்சு. இது தெரியாம அந்தப் பூங்காவப் பத்தி எழுதினா பாதிதான் எழுதினதா அர்த்தம். ஜெர்மனியில டூயிஸ்பர்க் நகரத்துல 1985ல மூடின இரும்பு ஆலையை இடிக்காம லேண்ட்ஸ்கேப் டிசைனர் பீட்டர் லாட்ஸ் பூங்காவா மாத்தினார், அங்க தாது கொட்டி வச்ச பழைய கிடங்குகளோட சுவர்களுக்குள்ள தோட்டம் இருக்கு, எரிவாயு தொட்டியில தண்ணி நிரப்பி டைவிங் கத்துக்கறாங்க. அந்த ஆலையோட கதை தெரியாம போனா துருப்பிடிச்ச இரும்பு எதுக்கு நிக்குதுன்னே புரியாது.

உள்ள போனதும்: ஓரம், பாதை, படி

முதல் சுத்து கேமரா இல்லாம, நோட்டு இல்லாம நடக்கறது நல்லது. எங்க கால் தானா நின்னுச்சு, எங்க வேகமா நடந்தோம், எங்க திரும்பிப் பாத்தோம்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், ஏன்னா ரெண்டாவது சுத்துல நாம டிசைனரா மாறிடுவோம், அப்புறம் சாதாரண ஆளோட அனுபவம் திரும்பக் கிடைக்காது.

ஓரத்த கவனமா பாக்கணும். செடிவேலி முழங்கால் உயரம் இருந்தா அது வழிகாட்டுது, இடுப்பு உயரம் இருந்தா பிரிக்குது, கண்ணுக்கு மேல போனா அடைச்சுடுது. பத்து இருபது சென்டிமீட்டர் வித்தியாசத்துல ஒரு இடத்தோட பாதுகாப்பு உணர்வே மாறும். நியூயார்க்ல பிரையன்ட் பார்க்ல இதத்தான் பாத்தாங்க. 1934ல அத புதுப்பிச்சப்ப ரோட்டு மட்டத்துலேர்ந்து கொஞ்சம் ஒசத்தி, சுத்தி கம்பிவேலியும் செடிவேலியும் போட்டாங்க, நகரச் சத்தத்துலேர்ந்து தப்பிக்க ஒரு அமைதியான இடம்ங்கறது எண்ணம். ஆனா வெளியிலேர்ந்து உள்ள தெரியாது, உள்ளேர்ந்து வெளிய தெரியாது, வழியும் கொஞ்சம்தான். 1970கள்ல அது போதைமருந்து விக்கற இடமா மாறி சாதாரண ஜனங்க கால் வைக்கவே பயந்தாங்க. 1988ல மூடி 1992ல திரும்பத் திறந்தாங்க, செடிவேலிய எடுத்தாங்க, நுழைவுகள அகலமாக்கினாங்க, கூடுதலா வழி விட்டாங்க, நகர்த்தக்கூடிய நாற்காலி நிறைய போட்டாங்க. இன்னைக்கு மதிய நேரத்துல உக்கார இடம் தேடணும். போலீஸ் காவல், நிர்வாகம், பணம் இதெல்லாமும் அந்த மாற்றத்துல சேர்ந்து வேலை செஞ்சுது, ஆனா ஓரத்த திறக்காம மத்தது எதுவும் அங்க நின்னிருக்காதுன்னு நான் நம்பறேன்.

பாதைக்கு வந்தா, முதல்ல புல்வெளியில ஒத்தையடிப் பாதை விழுந்திருக்கான்னு தேடணும். டிசைனர் ஒரு வழி போட்டாரு, ஜனங்க வேற வழிய தேர்ந்தெடுத்தாங்க, புல்லு அதுக்கு சாட்சி. அந்தத் தடம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு குறிச்சா பிரச்சனை என்னன்னு உடனே தெரியும், பெரும்பாலும் ஒரு முனையில பஸ் ஸ்டாப்போ கேட்டோ இருக்கும்.

படி இருந்தா டேப் எடுத்து அளக்கலாம். ரெண்டு படி உயரத்தையும் ஒரு படி அகலத்தையும் கூட்டினா 60லேர்ந்து 65 சென்டிமீட்டருக்குள்ள வரணும்ங்கறது 17ம் நூற்றாண்டுல பிரெஞ்சு கட்டடக்கலைஞர் பிளாண்டெல் சொன்ன கணக்கோட இன்றைய வடிவம், மனுஷன் வைக்கற அடிய வச்சு போட்டது. வெளியில இருக்கற படிக்கு உயரம் 12லேர்ந்து 15 சென்டிமீட்டர் இருந்தா வயசானவங்களுக்கும் சுலபம். சாய்தளம்னா 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏத்தத்துக்கு மேல போகக்கூடாதுன்னு பல நாட்டு விதிகள்ல இருக்கு, அதுவும் வீல்சேர தானே தள்றவங்களுக்கு கஷ்டம்தான், 20க்கு 1 இருந்தா அது சாதாரண பாதை மாதிரியே போயிடும். வீல்சேர் வழி முக்கிய நுழைவு வழியா வருதா, இல்ல பின்பக்கமா குப்பைத்தொட்டி ஓரமா சுத்தி வருதான்னு கண்டிப்பா குறிச்சுக்கணும். பின்பக்கமா இருந்தா அது அளவுல சரியா இருந்தாலும் மோசமான டிசைன்தான்.

தண்ணியப் பின்தொடர்ந்து போங்க

ஒரு பூங்காவோட டிசைன் தரத்த சீக்கிரமா கண்டுபிடிக்கணும்னா, மழை நின்ன அரைமணி நேரத்துல போய் நிக்கணும். வெயில் நாள்ல அழகா தெரியற எல்லா கல்தளமும் அன்னைக்கு உண்மையச் சொல்லும். எங்க தேங்குது, எவ்வளவு நேரம் தேங்குது, பெஞ்சுக்கு முன்னாடியே குட்டை நிக்குதா, பாதைல வழியற மண்ணு எந்தப் பாத்தியிலேர்ந்து வருது. கல்தளத்துக்கு பக்கவாட்டுல ஒன்னுலேர்ந்து ரெண்டு சதவீதம் சரிவு கொடுப்பாங்க, அதாவது ஒரு மீட்டருக்கு ஒன்னு ரெண்டு சென்டிமீட்டர், நடக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது, ஆனா தண்ணிக்குத் தெரியும். மழை இல்லாத நாள்ல போனாலும் தடயம் இருக்கும்: பாசி பிடிச்ச கல்லு, சுவர்ல உப்புக்கோடு, வடிகால் கம்பிமேல சேர்ந்த இலைக்குவியல்.

ரெயின் கார்டன்னு ஒண்ணு இப்ப நிறைய பூங்காவுல வருது, பள்ளமான பாத்தியில ஓடி வர்ற மழைத்தண்ணிய நிக்கவிட்டு மண்ணுக்குள்ள இறக்கற ஏற்பாடு. அதுல தண்ணி நிக்கறது தப்பில்ல, அதுக்குத்தான் அது. ஆனா பொதுவா ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள வடிஞ்சிடற மாதிரிதான் டிசைன் பண்ணுவாங்க, அதுக்கு மேல நின்னா அடியில வண்டல் அடைச்சிருக்குன்னு அர்த்தம், கொசுவும் வந்துடும். தண்ணி உள்ள வர்றதுக்கு கர்ப்ல, அதாவது ரோட்டோர விளிம்புக்கல்லுல, விட்ட வெட்டு, அதோட மட்டம் ரோட்டவிட கீழ இருக்கான்னும் பாக்கணும். மேல இருந்தா தண்ணி அந்தப் பக்கமே வராம நேரா சாக்கடைக்குப் போயிடும், பாத்தி பேருக்கு நிக்கும்.

இதே யோசனைய ஆறு அளவுல பாக்கணும்னா சிங்கப்பூர்ல பிஷான் ஆங் மோ கியோ பூங்கா. கல்லாங் ஆறு அங்க 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயா ஓடிட்டு இருந்துது, பூங்கா தனி, கால்வாய் தனி, நடுவுல வேலி. கான்கிரீட்ட உடைச்சு 3.2 கிலோமீட்டருக்கு வளைஞ்சு ஓடற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க. சாதாரண நாள்ல ஆறு குறுகலா ஓடும், ஜனங்க கரை வரைக்கும் இறங்கலாம், பெருமழை வந்தா சரிவான புல்வெளி முழுக்க ஆறா மாறும், எச்சரிக்கை ஒலி வரும், எல்லாரும் மேல ஏறிடணும். அந்தப் புல்வெளியில நிக்கும்போது இது வெள்ளம் தங்கற இடமும் கூடன்னு தெரிஞ்சு நின்னா, கரையோட சரிவு ஏன் அவ்வளவு மெதுவா இருக்கு, மண்ணப் பிடிச்சுக்க என்ன செடி வச்சிருக்காங்க, உக்காரற இடமெல்லாம் ஏன் மேட்டுல இருக்குன்னு கேள்விகள் தானா வரும்.

பாக்க இயற்கையா இருக்கறது எல்லாம் அப்படியே இயற்கையா இயங்குதுன்னு எடுத்துக்கக் கூடாது. சியோல்ல மேம்பாலத்த இடிச்சு 2005ல திறந்த சோங்கேசோன் ஓடையில ஓடற தண்ணியில பெரும்பகுதி ஹான் ஆத்துலேர்ந்து பம்ப் பண்ணி விடறது. அதனால அது மோசம்னு சொல்ல வரல, நடுநகரத்துல காருக்கு விட்ட இடத்த நடக்கறவங்களுக்கு திருப்பிக் கொடுத்த பெரிய காரியம் அது. ஆனா அதப் பாத்துட்டு வந்து நம்ம டிசைன்ல ஓடை வரையறவங்க, மோட்டாரும் கரண்ட்டும் அதுல ஒரு பாகம்னு எழுதிக்கணும்.

யார் எங்க உக்காருறாங்க

நியூயார்க்ல 1961ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, கட்டடத்துக்கு முன்னாடி பொதுமக்களுக்கு திறந்தவெளி விட்டா கூடுதல் மாடி கட்டிக்கலாம்னு. நிறைய திறந்தவெளி வந்துது, ஆனா பல இடம் காலியாவே கிடந்துது. ஏன்னு கண்டுபிடிக்க வில்லியம் வைட்ங்கற ஆய்வாளர் 1970கள்ல ஒரு குழுவோட மேலேர்ந்து கேமரா வச்சு நாள் முழுக்க படம் எடுத்து ஆளுங்கள எண்ணினார். வெயில் படறதுதான் காரணமா இருக்கும்னு முதல்ல நினைச்சாங்க, அது முழுசா ஒத்து வரல, இடத்தோட அளவும் வடிவமும் கூட பெருசா விளக்கல. கடைசியில ரொம்ப சாதாரணமான ஒண்ணு ஒத்து வந்துது: உக்கார இடம் நிறைய இருக்கற இடத்துல ஆளுங்க உக்காருறாங்க. பெஞ்சு மட்டும் கணக்கில்ல, திண்டு, படி, பாத்தியோட விளிம்பு எல்லாம் சேரும். அந்த ஆய்வுக்கு அப்புறம் 1975ல விதியையே மாத்தி, இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு நீள இருக்கைன்னு கட்டாயமாக்கினாங்க. ஒருத்தர் உக்காந்து ஆள எண்ணினது சட்டத்த மாத்தியிருக்கு, கள ஆய்வுன்னா போட்டோ எடுக்கறதுன்னு நினைக்கறவங்களுக்கு இத சொல்லியே ஆகணும்.

வைட் கவனிச்சதுல ரெண்டு விஷயத்த எந்தப் பூங்காவுலயும் சோதிச்சுப் பாக்கலாம்:

1. நகர்த்தக்கூடிய நாற்காலி இருந்தா, உக்காரறதுக்கு முன்னாடி ஆளுங்க அத கொஞ்சமாவது நகர்த்துவாங்க, சில சமயம் அதே இடத்துலயே திரும்ப வச்சுட்டு உக்காருவாங்க. இடம் தன்னோடதுன்னு ஆகற கணம் அது.

2. ஒரு இடத்துல பெண்கள் எண்ணிக்கை வழக்கத்தவிட குறைவா இருந்தா அங்க ஏதோ சரியில்ல. பெண்கள் இடத்த தேர்ந்தெடுக்கறதுல அதிக கவனமா இருக்காங்கன்னு அவர் பாத்தார். எண்ணும்போது இத தனியா எண்ணணும், எந்த நேரத்துலேர்ந்து குறைய ஆரம்பிக்குதுன்னும் பாக்கணும்.

சின்ன இடம் எவ்வளவு செய்ய முடியும்ங்கறதுக்கு அதே ஊர்ல 1967ல திறந்த பேலி பார்க். மொத்தமே 4,200 சதுர அடி, மூணு பக்கம் சுவர், பின்சுவர் முழுக்க 20 அடி உயரத்துலேர்ந்து தண்ணி விழுது, நெருக்கமா நட்ட மரங்களோட மெல்லிய இலை வழியா வெளிச்சம் வடிகட்டி இறங்குது, கீழ தூக்கி நகர்த்தற நாற்காலி. தண்ணிச் சத்தம் ரோட்டுச் சத்தத்த மூடிடுது, அதனால பக்கத்துல இருக்கறவங்க பேசறதும் மத்தவங்களுக்கு கேக்காது, நெரிசல்லயும் தனிமை கிடைக்குது. இந்த மாதிரி இடத்துல போட்டோ எதுவுமே சொல்லாது, சத்தத்த எப்படி போட்டோ எடுக்கறது. போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிட்டு, வாசல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஒப்பிட்டா அந்த டிசைன் புரியும்.

பெஞ்ச தனியா பாக்காதீங்க, அது எதப் பாத்துட்டு இருக்கு, முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு சேர்த்துப் பாக்கணும். முதுகுப் பக்கம் மறைவும் முன்னாடி நல்ல பார்வையும் இருக்கற இடத்த மனுஷங்க விரும்பறாங்கன்னு ஜே ஆப்பிள்டன்ங்கற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975ல ஒரு கருத்து சொன்னார். முதுகுக்குப் பின்னாடி சைக்கிள் போற பெஞ்சு எவ்வளவு நல்ல மரத்துல செஞ்சிருந்தாலும் காலியா இருக்கறதுக்கு அது ஒரு விளக்கம்.

டென்மார்க் கட்டடக்கலைஞர் யான் கேல் சொன்ன பிரிவும் எண்ணறதுக்கு உதவும். கட்டாயத்துக்காக நடக்கறது, அதாவது வேலைக்குப் போறது, பஸ்ஸுக்கு நிக்கறது, எந்த மோசமான இடத்துலயும் நடக்கும். விருப்பத்துக்காக நடக்கறது, சும்மா உக்காரறது, உலாத்தறது, இடம் நல்லா இருந்தாத்தான் நடக்கும். மூணாவது மத்தவங்களோட பேசறது, விளையாடறது, முதல் ரெண்டும் இருந்தா தானா வரும். அதனால ஒரு இடத்துல நூறு பேர் இருந்தாங்கன்னு எழுதறதுல பிரயோஜனம் கம்மி, அதுல எத்தனை பேர் இருக்கணும்னு விரும்பி இருந்தாங்கங்கறதுதான் டிசைனப் பத்தி சொல்லும்.

மரத்துக்கு கீழ மண்ணு இருக்கா

மேல பாத்து போட்டோ எடுக்கற எல்லாரும் ஒரு தடவ கீழயும் பாக்கணும். மரத்தோட வேர்ல பெரும்பகுதி மேல இருக்கற முக்கால் ஒரு மீட்டர் மண்ணுக்குள்ளதான் இருக்கும், பக்கவாட்டுல கிளை பரவுற தூரத்தயும் தாண்டிப் போகும். அப்படி இருக்க, அடிமரத்த சுத்தி ஒரு மீட்டர் சதுரம் விட்டு மீதி எல்லாம் கல்லால மூடினா என்ன ஆகும்? கல்லு தூக்கும், இல்ல மரம் வளராம நிக்கும், இல்ல பெருங்காத்துல சாயும். ஒரே நாள்ல நட்ட ஒரே வகை மரங்கள் ரெண்டு இடத்துல ரெண்டு அளவுல நின்னா, பெரும்பாலும் காரணம் மண்ணோட அளவும் அது எவ்வளவு இறுகியிருக்குங்கறதும்தான். ரெண்டோட அடிமரச் சுத்தளவையும் டேப்பால எடுத்து எழுதினா அதுவே ஒரு நல்ல கண்டுபிடிப்பு.

நிழல உச்சி வெயில்ல பாக்கறதவிட ஆளுங்க வர்ற நேரத்துல பாக்கணும். சாயங்காலம் நாலு மணி நிழல் மரத்தடியில விழாது, தள்ளி விழும், பெஞ்சு மரத்தடியில இருக்கும். இந்த தப்பு அவ்வளவு சாதாரணமா நடக்குது.

குறிச்சு வைக்கற முறை

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளானோட பிரிண்ட், பென்சில், டேப், வாட்ச்.

1. நாலஞ்சு நேரம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தடவயும் பத்து நிமிஷம், யார் எங்க நிக்கறாங்க, உக்காருறாங்க, எந்தப் பக்கம் நடக்கறாங்கன்னு பிளான் மேல புள்ளியும் அம்புக்குறியுமா போடணும். வேலைநாள் ஒண்ணு, விடுமுறை நாள் ஒண்ணு. ஒரு நாள் பாத்துட்டு எழுதற முடிவு எதையும் நம்ப முடியாது.

2. குறைஞ்சது ஒரு செக்ஷன் வரையணும். பூங்காவ ஒரு கோட்டுல வெட்டிப் பக்கவாட்டுல பாக்கற படம் அது, மனுஷன் உருவத்தையும் அளவோட போடணும். இது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உயரம், சரிவு, எது எத மறைக்குதுங்கறது வரையும்போதுதான் மண்டையில ஏறும்.

3. பாத்தது ஒரு பக்கம், அதுக்கு நாம நினைக்கற காரணம் எதிர்ப்பக்கம், ரெண்டையும் கலக்காம எழுதணும். பெஞ்சு காலியா இருந்துதுங்கறது பாத்தது. வெயில் காரணம்ங்கறது யூகம். வாடையா இருக்கலாம், பக்கத்துல வழக்கமா ஒரு கூட்டம் நிக்கறதா இருக்கலாம், வேற நேரத்துல போய்ப் பாத்து யூகத்த சோதிக்கணும்.

4. இருட்டின பிறகு ஒரு தடவ, தனியா இல்லாம துணையோட போகணும். விளக்கு எத்தனை இருக்குங்கறதவிட எதிர்ல வர்ற ஆளோட முகம் தெரியுதாங்கறதுதான் முக்கியம். கண்ணக் கூசற ஒரு பெரிய விளக்கு, அதுக்குப் பின்னாடி இருக்கற இருட்ட இன்னும் இருட்டாக்கும்.

ஆளுங்கள போட்டோ எடுக்கறப்ப கேட்டு எடுக்கணும், குழந்தைங்கள எடுக்கவே வேண்டாம். புள்ளி போட்ட பிளான் இருந்தா முகம் தேவையே இல்ல.

வேலிக்கு வெளிய என்ன ஆகுது

வராதவங்களப் பத்தியும் ஆய்வுல எழுதணும், இது பெரும்பாலும் விட்டுப் போகுது. சுத்தி வீட்டு வேலை பாக்கறவங்க, தெருவுல விக்கறவங்க, டீனேஜ் பசங்க, இவங்க இருக்கற ஏரியாவுல பூங்காவுல மட்டும் இவங்க இல்லன்னா காரணம் தேடணும். மூடற நேரம், கட்டணம், வாசல்ல இருக்கற தடை போர்டு, நடுவுல கைப்பிடி வச்சு யாரும் படுக்க முடியாதபடி செஞ்ச பெஞ்சு, இதெல்லாம் டிசைன் முடிவுதான்.

நல்ல டிசைனுக்கும் விளைவு உண்டு. நியூயார்க் ஹை லைன், 1980ல கடைசி ரயில் போன உயர்த்தின ரயில்பாதை, 2009லேர்ந்து பகுதி பகுதியா பூங்காவா திறந்தாங்க. தண்டவாளத்துல தானா முளைச்ச செடிகளப் பாத்து தோட்ட டிசைனர் பீட் ஔடால்ஃப் செடி தேர்வு பண்ணினார், நடைபலகையே மேல எழும்பி பெஞ்சா மாறுது, டிசைனா பாத்தா அவ்வளவு நுணுக்கம். அதே நேரம் சுத்தி நிலமும் வாடகையும் ஏறிடுச்சு, ஆடம்பர அடுக்குமாடிகள் வந்துது, ரொம்ப நாளா அங்க இருந்தவங்களுக்கு நெருக்கடியும் வந்துது. பூங்காவுக்குள்ள மட்டும் நடந்துட்டு வந்தா இது கண்ணுல படாது, படிக்கட்டுல இறங்கி ரெண்டு தெரு தள்ளி நடக்கணும்.

கடைசியா, அங்க வேலை பாக்கற தோட்டக்காரங்ககிட்டயும் கூட்டறவங்ககிட்டயும் பேசணும். எந்தப் பாத்தியில செடி திரும்பத் திரும்ப காயுது, எந்தக் குழாய் அடைக்குது, எந்த மூலையில காலையில பாட்டில் கிடக்குது, எந்தப் புல்வெளிக்கு மெஷின் போகாம கையால வெட்டணும்னு அவங்களுக்குத் தெரியும், டிசைன் பண்ணவங்களுக்கு அது போய்ச் சேர்றது அபூர்வம். அவங்க வேலை முடியற நேரமாப் பாத்து, கையில பிளானோட போய், "இதுல உங்களுக்கு அதிகமா வேலை வைக்கற இடம் எது?"ன்னு கேட்டு அவங்களையே குறிக்கச் சொல்லுங்க. நீங்க புள்ளி போட்ட பிளானையும் அவங்க குறிச்ச பிளானையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டும் ஒத்துப்போகாத இடங்கள்லேர்ந்து ரிப்போர்ட்ட எழுத ஆரம்பிக்கலாம்.